தாலி கட்டும் நேரத்து லென்ஸ்

கல்யாணத்துக்கு போட்டோகிராபர் பேசப் போகும்போது பெண்ணின் தம்பியோ மாப்பிள்ளையின் நண்பனோ ஒருவர் கட்டாயம் கேட்கிறார்: "என்ன லென்ஸ் வச்சிருக்கீங்கண்ணா?" நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் போட்டோகிராபரே விழித்திருப்பார். அவரிடம் இருந்தது ஒரே லென்ஸ். அதையும் கேமராவிலிருந்து கழற்ற முடியாது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம்மூர் ஸ்டுடியோக்காரர்கள் பலர் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தது யாஷிகா மேட் 124ஜி. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கண். மேல் கண் பார்ப்பதற்கு, கீழ்க் கண் எடுப்பதற்கு. எடுக்கும் லென்ஸ் 80 எம்எம், எஃப் 3.5. எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸ் அகலமாகத் திறக்கும். கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, குனிந்து கண்ணாடித் தட்டில் பார்க்க வேண்டும். அதில் இடம் வலமாகத் தெரியும். பெண் இந்தப் பக்கம் நகர்ந்தால் தட்டில் அந்தப் பக்கம் போவாள். 120 ரோலில் பன்னிரண்டே படம். கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ, ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' என்று கிடைத்ததைப் போட்டு எடுத்தார்கள். பிலிமின் வேகம் 100, 125 அவ்வளவுதான்.

இந்த வேகத்தை வைத்துக்கொண்டு டியூப்லைட் மண்டபத்தில் படம் எடுப்பது எப்படி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமாராக வெளிச்சமுள்ள மண்டபத்தில், 100 வேகப் பிலிமுக்கு, லென்ஸை எஃப் 2 வரை திறந்தாலும் ஷட்டர் 1/15 நொடிக்கு இறங்கிவிடும். கை ஆடும், மாப்பிள்ளையின் தலை ஆடும், படம் கலங்கும். யாஷிகாவின் எஃப் 3.5 அதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். ஆகவே மண்டபத்து வெளிச்சத்தை மறந்துவிட்டு, பிளாஷ் அடித்தார்கள்.

பிளாஷ் அடிப்பதிலும் ஒரு மனக்கணக்கு இருந்தது. ஒவ்வொரு பிளாஷுக்கும் ஒரு கைட் நம்பர் உண்டு. அதைத் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய அப்பர்ச்சர், அதாவது எஃப் எண், கிடைக்கும். நம்பர் 32, மணமக்கள் இருப்பது 4 மீட்டரில் என்றால் எஃப் 8. இரண்டடி முன்னே போனால் லென்ஸை இன்னும் கொஞ்சம் மூட வேண்டும். பழைய ஆட்கள் பிளாஷின் முதுகில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்ததே இல்லை. மேடைக்குக் கீழே நின்றால் எவ்வளவு, படியில் ஏறி நின்றால் எவ்வளவு என்று கைவிரலுக்கே தெரியும்.

அந்தப் படங்களில் ஒரு குறை, ஒரு நிறை. இரண்டும் எஃப் 8-இன் விளைவுதான். பிளாஷ் வெளிச்சம் இரண்டு மடங்கு தூரத்தில் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். அதனால் மேடை பளிச்சென்று இருக்க, மண்டபத்தின் மற்ற பகுதி முழுவதும் கறுப்பு. பெண்ணும் மாப்பிள்ளையும் ஏதோ நள்ளிரவில் கல்யாணம் செய்துகொண்டது போல் இருக்கும். நிழல் சுவரில் கரியாய் விழுந்திருக்கும். ஆனால் 4 மீட்டரில் எஃப் 8 வைத்தால் முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 2 மீட்டர் ஆழத்துக்கு எல்லாம் தெளிவாக விழும். நாதஸ்வரக்காரரின் கன்னம், தட்டைப் பிடித்திருக்கும் அத்தை, தூணோரம் கொட்டாவி விடும் பையன், அத்தனை பேரும் இருப்பார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஆல்பத்தைப் புரட்டி, "இவர்தான் உங்க கொள்ளுத்தாத்தா, இந்த ஒரு படத்துலதான் இருக்கார்" என்று பாட்டிகள் விரல் வைத்துக் காட்ட முடிவது இதனால்தான்.

அடுத்து வந்தது கலர், 35 எம்எம் ரோல், 36 படம். இந்தக் காலத்தில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். பென்டாக்ஸ் கே1000 போன்ற கேமராக்களை வாங்கினால் 50 எம்எம் லென்ஸ் கூடவே வரும், எஃப் 2 வரை திறக்கக்கூடியது. இன்று 'குறைந்த வெளிச்சத்துக்கு இதை வாங்கு' என்று எல்லோரும் சொல்கிற அதே ஜாதி லென்ஸ். அதை அன்று யாரும் மண்டபத்தில் திறக்கவில்லை. திறந்து பயனும் இல்லை. பிலிம் வேகம் போதாது, பகல் வெளிச்சத்துக்கென்று செய்த கலர் பிலிம் டியூப்லைட்டின் கீழ் முகத்தைப் பச்சையாக்கிவிடும். பிறகு 35-70 ஜூம் வந்தது. நின்ற இடத்திலிருந்தே குரூப்பும் எடுக்கலாம், முகமும் எடுக்கலாம் என்றதும் 50 எம்எம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டார்கள். நிகான் எஃப்எம்10 கேமராவே அந்த ஜூமோடுதான் வந்தது. அது எஃப் 3.5-இல் தொடங்கி 4.8-இல் முடியும். இருட்டில் ஒன்றுக்கும் ஆகாத லென்ஸ்தான். பிளாஷ் இருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை.

வீடியோக்காரரின் லைட்டையும் விட்டுவிட முடியாது. லைட் பாய் ஆயிரம் வாட் ஹாலஜனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். பெண்ணின் மை கரையும், மாப்பிள்ளை கண்ணைச் சுருக்குவார், ஓமப் புகை வேறு.

டிஜிட்டல் வந்ததும் எல்லாம் மாறிவிட்டதாகச் சொல்கிறார்கள். உடனே மாறவில்லை. 2004-இல் வந்த நிகான் டி70-இன் உச்ச ஐஎஸ்ஓவே (பிலிமில் வேகம் என்றோமே, அதே எண்) 1600. 800-க்கு மேல் போனாலே புள்ளி புள்ளியாய் வந்தது. அன்று பல கேமராக்களோடு வந்த 18-55 கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6. அந்த எஃப் 5.6-இல் ஐஎஸ்ஓ 800 வைத்தால் அதே டியூப்லைட் மண்டபத்தில் ஷட்டர் மறுபடி 1/15 பக்கம்தான். பிலிம் காலத்தில் விட்ட இடத்துக்கே வந்து நின்றார்கள். உண்மையான மாற்றம் 2007, 2008-இல் நடந்தது. நிகான் டி3, கேனான் 5டி மார்க் 2 இரண்டும் ஐஎஸ்ஓ 6400-ஐச் சாதாரண எண்ணாக்கின. 100-இலிருந்து 3200 போனால் 32 மடங்கு. எஃப் 2-இல் 1/15 நின்ற ஷட்டர் இப்போது 1/500. முதல்முறையாக மண்டபத்து விளக்கே படத்துக்குப் போதும் என்றானது.

'கேண்டிட்' என்ற தொழில் பிறந்தது அதன் பிறகுதான். பிளாஷ் அடித்துக்கொண்டே யாரும் அறியாமல் படம் எடுக்க முடியாதல்லவா? பழைய முறைக்கு 'டிரெடிஷனல்' என்று பெயர் விழுந்தது. ஒரே கல்யாணத்தில் இரண்டு வகை ஆள், இரண்டு வகைச் சம்பளம். கேண்டிட் ஆளின் கழுத்தில் 35, 50, 85 என்று ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ்கள். பெட்டியில் தூங்கிய 50 எம்எம் மீண்டும் வெளியே வந்தது. இந்தமுறை அதை முழுக்கத் திறந்தார்கள்.

திறந்தால் வெளிச்சத்தோடு இன்னொன்றும் வந்தது: பின்னணி கரைவது. "பின்னாடி நல்லா அவுட் ஆகணும்" என்று வாடிக்கையாளர்களே கேட்கத் தொடங்கினார்கள். 2016-இல் ஐபோன் 7 பிளஸ் கணக்குப் போட்டே பின்னணியை மங்கவைத்துக் காட்டியதும், கைபேசியில் வருவது கேமராவில் வராதா என்று ஆசை கூடிவிட்டது. போட்டோகிராபர்களும் எஃப் 1.4, எஃப் 1.2 என்று எண்ணைத் துரத்தினார்கள். 50 எம்எம் எஃப் 1.8 சில ஆயிரங்களில் கிடைக்கும். எஃப் 1.2 லட்சத்தைத் தாண்டும். வெளிச்சத்தில் வித்தியாசம் இரண்டேகால் மடங்குதான். ஐஎஸ்ஓவை 1600-இலிருந்து 3600-க்குத் தள்ளினால் அந்தக் கடன் அடைந்துவிடும். இன்றைய கேமராவில் அதை ஆல்பத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

தாலி கட்டும் நேரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 85 எம்எம் லென்ஸை எஃப் 1.4-இல் வைத்து 2 மீட்டரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தம் நாலரை சென்டிமீட்டர். கெட்டிமேளம் முழங்கும்போது மாப்பிள்ளை முன்னால் சாய்கிறார், பெண் தலை குனிகிறாள். இரண்டு முகத்துக்கும் நடுவே அரையடி இருக்கும். மாப்பிள்ளையின் புருவ மயிர் எண்ணும்படி இருக்கும். பெண்ணின் முகம் பஞ்சாய்ப் போயிருக்கும். முன்பு டிஎஸ்எல்ஆர் ஃபோகஸ் கண்ணை விட்டு நெற்றிச்சுட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மிரர்லெஸ் கேமராக்கள் கண்ணைத் தேடிப் பிடிக்கின்றன. ஆனால் எந்தக் கண்ணை என்பதற்கு அவற்றிடம் பதில் இல்லை. ஸ்டான்லி குப்ரிக் 1975-இல் வெளிவந்த 'பாரி லிண்டன்' படத்துக்கு நாசாவுக்காகச் செய்த சைஸ் எஃப் 0.7 லென்ஸை வைத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகள் எடுத்தார். அவரால் நடிகர்களை ஆடாமல் அசையாமல் உட்கார வைக்க முடிந்தது. சொந்தக்காரர்கள் மூன்று பக்கமும், புரோகிதர் நான்காவது பக்கமும் இடிக்கிற நம் மேடையில் அது நடக்காது.

ஆகவே முகூர்த்தத்துக்கு என் ஓட்டு 24-70 எஃப் 2.8 ஜூமுக்குத்தான். பிரைம் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும். அந்த இரண்டு நிமிடத்தில் காலை எடுத்து வைக்க இடம் இருக்காது. அட்சதை தூவ எழுந்த கூட்டம் முதுகில் சாய்ந்திருக்கும். நகர முடியாதவருக்கு ஜூம்தான் கால். கையில் இரண்டாவது கேமரா இருந்தால் அதில் 85 எஃப் 1.8 மாட்டி, அம்மாக்களின் முகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதையும் எஃப் 2.8-இல் வைத்தால் 3 மீட்டரில் இருபது சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும். ஒரு முகத்துக்கு அது தாராளம்.

மணமகள் அறை வேறு கதை. பத்துக்குப் பத்து அறை, நடுவில் கட்டில், அதன்மேல் தாம்பாளங்கள், சுற்றிலும் சித்திகள். நிற்கும் பெண்ணைத் தலை முதல் கால் வரை 85 எம்எம்மில் எடுக்க நாலேகால் மீட்டர் பின்னால் போக வேண்டும். அறையே 3 மீட்டர்தான். சிறிய சென்சார் கேமராவில் 50 எம்எம் மாட்டினாலும் கிட்டத்தட்ட இதே கதிதான். 35 எம்எம் என்றால் இரண்டு மீட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் அதை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும், மூக்குத்தி அதைவிடப் பெரிதாகும். உருவத்துக்கு 35, முகத்துக்கு 85 என்று மாற்றி மாற்றிப் போட வேண்டியதுதான். ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள் என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறார்கள். நம் பெண்கள் முகூர்த்தத்துக்கு அலங்காரம் செய்துகொள்வது விடிகாலை மூன்று மணிக்கு. அங்கே ஜன்னல் வெளிச்சத்துக்கு எங்கே போவது? வெள்ளைக் கூரையை நோக்கி பிளாஷைத் திருப்பி அடிப்பதே இன்றும் நல்ல வழி.

இன்றைய பெரிய தொல்லை இருட்டே இல்லை. மண்டபங்கள் இப்போது வெளிச்சமாகத்தான் இருக்கின்றன. அந்த வெளிச்சத்தின் குணம்தான் கெட்டுவிட்டது. மேடையைச் சுற்றி ஊதாவும் நீலமுமாக எல்இடி பார் விளக்குகள், பின்னால் எல்இடி சுவர். ஊதா விளக்கில் நனைந்த மஞ்சள் பூசிய முகத்தை எந்த லென்ஸும் மீட்காது, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாடுபட்டாலும் சாம்பல் நிறமே மிஞ்சும். இன்னொரு சிக்கலும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுங்குகின்றன. ஷட்டரை 1/500-க்கு ஏற்றினால் படத்தில் பட்டை பட்டையாய் இருள் விழும். அதைத் தவிர்க்க 1/100 அல்லது 1/50-க்கு இறங்க வேண்டும். 1/100-க்கு இறங்கிவிட்டால் எஃப் 2.8-இல் ஐஎஸ்ஓ 1250 வைத்தாலே பழைய டியூப்லைட் மண்டபத்துக்குக்கூடப் போதும். லட்சம் கொடுத்து வாங்கிய எஃப் 1.2 திறந்து கொடுக்கும் வேகத்தைப் பயன்படுத்தவே முடியாத இடத்தில், அதை வாங்கி என்ன பயன்?

லென்ஸை வாடகைக்கு எடுக்கும் வசதி அன்று இல்லை, இன்று இருக்கிறது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் கடனில் வாங்குவதற்கு முன் ஒரு முகூர்த்தத்துக்கு வாடகையில் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. வாங்கித்தான் தீர வேண்டுமென்றால் 35-உம் 85-உம் எஃப் 1.8-இல் முதலில், 24-70 அடுத்து. மிச்சப் பணத்தில் நல்ல பிளாஷ் ஒன்று. சென்னைக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். அது அன்றும் பிடித்தது, இன்றும் பிடிக்கிறது. விலை உயர்ந்த லென்ஸ் என்று பூஞ்சை ஒதுங்கிப் போவதில்லை.

கல்யாணம் வைத்திருக்கும் வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. போட்டோகிராபரிடம் லென்ஸின் எண்ணைக் கேட்காதீர்கள். அவர் எடுத்த ஏதாவது ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். தாலி கட்டும் படத்தில் இரண்டு முகமும் தெளிவாக இருக்கிறதா, பின்னால் நிற்கும் பெரியவர்கள் யாரென்று அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். எஃப் 8 வைத்து மேடையில் எல்லோரையும் சேர்த்து நாலு படமாவது எடுக்கச் சொல்லுங்கள். முகூர்த்த நேரத்தில் வண்ண விளக்குகளை அணைத்துவிட்டு வெள்ளை விளக்கை மட்டும் போடும்படி டெக்கரேஷன்காரரிடம் முந்தின நாளே சொல்லிவையுங்கள். அதற்கு அவர் தனியாகக் காசு கேட்க மாட்டார்.