ஊர் முன் வைக்கப்படும் அறிக்கை

தம் பொறுப்பில் உள்ள ஊரில் என்னென்ன பணிகள் முடிந்தன, எந்தெந்த விழாக்களும் முகாம்களும் நடந்தன, எவை இன்னும் கிடப்பில் கிடக்கின்றன என்பதை ஊராட்சி மன்றத் தலைவர் ஊராருக்குத் தெரிவிப்பது, இன்று பெரும்பாலும் பேருந்து நிறுத்தத்துப் பதாகைகளிலும் கைப்பேசியில் வந்து விழும் வாட்ஸ்அப் செய்திகளிலுமே நடந்து முடிந்துவிடுகிறது. ஆயினும் அவ்வறிக்கைக்கென்று சட்டம் வகுத்திருக்கும் இடம் கிராம சபையே ஆகும். பதாகையைப் பார்த்து யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது; சபையிலோ தலைவர் சொல்லி முடித்ததும் ஊரார் எழுந்து கேட்கலாம், கேட்டது தீர்மானமாகலாம், தீர்மானமானது பதிவேட்டில் ஏறி அடுத்த கூட்டத்தில் மீண்டும் எடுக்கப்படலாம். தலைவரின் சாதனைப் பட்டியல் ஊரின் அறிக்கையாக மாறுவது அந்தக் கேள்வியால்தான்.

1992ஆம் ஆண்டில் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம், ஊராட்சி எல்லைக்குள் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் சேர்ந்த அமைப்பே கிராம சபை என்று வரையறுத்தது. ஊராட்சி மன்றம் என்பதோ தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மட்டும் அடங்கிய, தேர்தலால் அமைந்த குழு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் பழக்கம் ஊர்களில் இன்னும் நீங்கவில்லை. மன்றத்தின் பதவிக்காலம் ஐந்தாண்டில் முடிந்துவிடும். சபைக்கு அவ்வாறு முடிவு இல்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சபை ஆண்டுக்கு இரு முறையாவது கூட வேண்டும் என்று விதித்தது. நடைமுறையில் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என நான்கு முறை கூடிவந்த சபைக்கு, 2022ஆம் ஆண்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்க்கப்பட்டு, கூட்ட நாட்கள் ஆறாயின.

கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் ஏழு நாட்களுக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். சிற்றூர்களில் அதற்குத் தண்டோரா போடும் வழக்கம் இன்றும் உண்டு. ஓர் ஊராட்சி என்பது பெரும்பாலும் ஒரே ஊர் அன்று, தாய்க்கிராமமும் அதைச் சார்ந்த குக்கிராமங்களும் சேர்ந்ததாகையால், கூட்டம் எப்போதும் ஒரே இடத்தில் நடக்காமல் சுழற்சி முறையில் எல்லாக் குக்கிராமங்களுக்கும் போய்வர வேண்டும் என்பது விதி. சபை செல்லுபடியாக வேண்டுமானால் வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையைக் குறைவெண் வரம்பு என்பர். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்பது தமிழ்நாட்டில் உள்ள வரம்பு. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் சார்பில் கூட்டத்தைக் கண்காணிக்க வரும் அரசு ஊழியருக்குப் பற்றாளர் என்று பெயர்.

கூட்டப் பொருள்களுள் முதன்மையானது வரவு செலவு. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, உரிமக் கட்டணம் ஆகியவற்றால் ஊராட்சிக்கு வந்த சொந்த வருவாயும், நிதிக்குழு மானியமாக அரசிடமிருந்து வந்த தொகையும், அவை செலவான வகையும் படிவம் 30 எனப்படும் அறிக்கையில் தொகுக்கப்பட்டுப் பதாகையாகக் கூட்டத்தில் வைக்கப்படுகின்றன. ஊராட்சியின் காசோலையில் தலைவர் மட்டும் ஒப்பமிட்டால் போதாது, துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும் என்ற ஏற்பாட்டையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், பணத்தின் மீது ஒருவருடைய கை மட்டும் இருக்கக் கூடாது என்ற சட்டத்தின் கருத்து விளங்கும்.

பொறுப்பில் இருந்தவர் கணக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் தமிழகத்துக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியங்கள் எனப்பட்ட ஊர்க்குழுக்களில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடத்தில் ஓலையிட்டு எடுக்கும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவர் ஆக்கின. அந்தச் சபை நிலமுடைய, கல்வி கற்ற அந்தண ஆடவர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதை மறைத்துவிட்டு அதை மக்களாட்சியின் தொட்டில் எனப் புகழ்வது சரியாகாது. கணக்குக் காட்டாதவருக்கு மறுபடியும் பதவி இல்லை என்ற அந்த விதியின் கண்டிப்பு மட்டும் இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத்தக்கது.

தலைவரின் அறிக்கையைக் கேட்பவர் அதை ஊரில் உள்ள பொருள்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. சிமெண்ட் சாலையோ வடிகாலோ போடப்பட்ட இடத்தில் நடப்படும் பெயர்ப் பலகையில் பணியின் பெயர், திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை ஆகியவை எழுதப்பட்டிருக்கும். மதிப்பீடு என்பது பணிக்கு முன்பு பொறியாளர் கணித்த தொகை. உண்மையில் செலவானது அதனினும் வேறாக இருக்கக்கூடும் என்பதால், சபையில் கேட்கத்தக்கது இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடே. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் மேல், அதைக் கழுவிக் குளோரின் இட்ட தேதியும் அடுத்துக் கழுவ வேண்டிய தேதியும் பெயிண்டால் எழுதப்பட்டிருக்கும். ஒரு தலைவர் தம் ஊருக்குத் தரும் அறிக்கைகளுள் மிகச் சிறியதும் மிகப் பயனுள்ளதும் இதுவே எனலாம். பழைய தேதி அழிக்கப்படாமல் மாதக்கணக்கில் நின்றால், குடிநீரைப் பற்றி மேடையில் சொல்லப்படும் எதையும் அதை வைத்தே எடை போட்டுவிடலாம்.

நிகழ்ச்சிகளைப் பற்றிய செய்திகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். கண் மருத்துவ முகாம், கால்நடைகளுக்கான தடுப்பூசி முகாம், பள்ளி ஆண்டு விழா, பொங்கல் விளையாட்டுப் போட்டி, மரக்கன்று நடும் விழா போன்றவை ஊரின் வாழ்வில் இன்றியமையாதவை. அவற்றை நடத்திய தலைவர் அதைச் சொல்லிக்கொள்வதில் குற்றமும் இல்லை. ஆனால் கண் முகாம் நடந்தது என்ற செய்தியால் மட்டும் ஊருக்குப் பயன் விளையாது. எத்தனை பேருக்குப் புரை கண்டறியப்பட்டது, அவர்களுள் எத்தனை பேருக்கு அறுவை முடிந்தது, போக ஆளின்றி எந்த முதியவர் வீட்டிலேயே இருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் கேட்பவர்களில் ஒருவர் எழுந்து, அந்த முதியவரைத் தாம் அழைத்துப் போவதாகச் சொல்ல முடியும். மரக்கன்றுகளைப் பற்றிய செய்தியில் நட்ட கணக்கு எப்போதும் இருக்கும், பிழைத்த கணக்கு பெரும்பாலும் இராது. அரைகுறையாக நின்றதைத் தலைவரே முன்வந்து சொல்லும் ஊரில் நிறைவேறியதைப் பற்றிய பேச்சை மக்கள் நம்புகிறார்கள்.

சாதனை என்பதை எவ்வளவு முழுமையாக ஊர் முன் வைக்க முடியும் என்பதற்குக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்துள்ள ஓடந்துறை ஊராட்சி நல்ல சான்று. ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்கட்டணம் ஊராட்சியின் வருவாயைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் மரக்கழிவை எரித்து உண்டாகும் வாயுவைக் கொண்டு மோட்டாரை இயக்கும் சிறு நிலையத்தை முயன்று பார்த்த ஊராட்சி, 2006ஆம் ஆண்டில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை ரூ.1.55 கோடி, அதில் ரூ.40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, எஞ்சிய ரூ.1.15 கோடி வங்கிக் கடன். காற்றாலை ஓடந்துறையில் இல்லை. காற்று வளம் மிக்க உடுமலைப்பேட்டைப் பகுதியில் நிற்கிறது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியத்தின் கட்டமைப்பில் சேர, ஊராட்சியின் பயன்பாடு அதில் கழிக்கப்பட்டு, மிச்சத்துக்கு வாரியம் பணம் கொடுக்கிறது. கடனும் அந்த வருவாயிலிருந்தே அடைக்கப்பட்டது. வெளிநாட்டினரும் வந்து பார்த்துப் போன ஊர் என்ற பெருமையைவிட, சேமிப்பு இவ்வளவு, கடன் இவ்வளவு, வருவாய் இவ்வளவு என்று எந்த வீட்டிலும் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய வகையில் அந்தத் திட்டம் அமைந்திருந்ததே பெரிது.

தலைவர் சபையை நம்புவதால் அவருக்கே கிடைக்கும் காப்பைத் திருவள்ளூர் மாவட்டத்தின் குத்தம்பாக்கத்தில் காணலாம். வேதிப் பொறியியல் படித்து, 1996இல் அவ்வூரின் தலைவராகத் தேர்வான இளங்கோ ரங்கசாமி, கருங்கல் மெருகேற்றும் ஆலையில் கழித்துப்போட்ட துண்டுகளைக் கொண்டு குறைந்த செலவில் வடிகால் அமைத்தார். அது வகுக்கப்பட்ட மதிப்பீட்டுக்கு மாறானது என்ற சிக்கல் எழுந்து அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஊராட்சித் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியருக்கு உண்டு. ஆனால் பணம் எங்கே போனது என்பதை முன்பே கேட்டு அறிந்திருந்த ஊரார் கிராம சபையில் திரண்டு அவர் பக்கம் நின்றனர். ஆணை திரும்பப் பெறப்பட்டது.

அறிக்கை வாசிக்கத் தலைவர் முதலில் நாற்காலியில் உட்கார வேண்டும். பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகளில் இதுவே பெரும் போராட்டமாக இருந்த வரலாறு தமிழ்நாட்டுக்கு உண்டு. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலே நடக்கவிடாமலும், நடந்தால் வென்றவர் உடனே விலகும்படியும் செய்யப்பட்டு, 2006இல்தான் தலைவர்கள் பதவியில் நிலைத்தனர். உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு தமிழ்நாட்டில் உண்டு. எனினும் மனைவி தலைவராக இருக்க, கணவர் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பதில் சொல்லும் கூட்டங்கள் இன்னும் மறையவில்லை. அத்தகைய கூட்டத்தில் அந்தப் பெண்ணின் குரலே அறிக்கையாக வர வேண்டும் என்று கேட்கும் உரிமை சபையின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் இருக்கிறது.

சபை பெயரளவுக்கு நடப்பதைக் காட்டிக்கொடுக்கும் இடம் தீர்மானப் பதிவேடு. வந்தவர்களிடம் கையொப்பமும் கைரேகையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு, தீர்மானங்களைப் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினால், சபை ஏற்காத ஒன்று கூட ஏற்றதாகப் பதிவாகிவிடும். தீர்மானங்கள் எழுதி முடிக்கப்பட்டு, ஊராட்சிச் செயலர் அவற்றை உரக்க வாசித்த பிறகே கையொப்பம் இடுவது என்று ஊரார் உறுதியாக இருப்பதும், தீர்மானத்தின் நகலைக் கேட்டுப் பெறுவதும் இதற்குப் போதுமான மருந்து.

தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்குத் தேர்தல் ஒழுங்காக நடந்துவருவதாகச் சொல்ல முடியாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் மூன்றாண்டுகளுக்கு மேல் தலைவர்களே இல்லை. 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும் தேர்தல் நடந்தது. அந்த 27 மாவட்டங்களிலும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிய, வட்டார வளர்ச்சி அலுவலர்கள் தனி அலுவலர்களாக நிர்வாகத்தை ஏற்றனர். தேர்தல்களின்போது 12,525 ஆக இருந்த ஊராட்சிகள் 388 ஒன்றியங்களில் அடங்கியிருந்ததால், சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு 30க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் வருகின்றன. எல்லா ஊர்களிலும் சபை ஒரே நாளில் கூடுவதால், அத்தனை ஊர்களுக்கும் பொறுப்பான ஒரே அலுவலர் ஒவ்வொரு கூட்டத்திலும் இருந்து பதில் சொல்ல இயலாது; வரவு செலவை ஊராட்சிச் செயலர் வாசிக்கிறார். வாசித்து முடித்தபின் ஊரார் கேட்கும் கேள்விக்கு, அவர்களுடைய வாக்கைப் பெற்றவராக அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை.