பாடத் தெரிந்தால் போதுமா?

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களில், மாலை வேளையில் பிள்ளைகள் சரளி வரிசை பாடுவதைக் கேட்கலாம். அடுத்த வீட்டில் ஆர்மோனியத்துடன் இரவீந்திர சங்கீதம் ஒலிக்கும். இவ்வாறு பாடக் கற்கும் பிள்ளைகளுள் சிலர், வளர்ந்தபின் இசையையே தொழிலாகக் கொள்ள விரும்புவர். அப்போது வீட்டில் எழும் கேள்வி, "பாட்டு சோறு போடுமா?" என்பதாகும். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடும் வழிகளுள் ஒன்று, சமுதாயக் கல்லூரியில் நடத்தப்படும் குறுகியகால வணிக இசைச் சான்றிதழ்ப் படிப்பு.

சமுதாயக் கல்லூரி என்பது யாது? நெடுங்காலப் பட்டப்படிப்புக்கு வசதியோ நேரமோ இல்லாதவர்க்கு, அவ்வூரின் தொழிலுக்கு ஏற்ற பயிற்சியைக் குறைந்த செலவில் அளிக்கும் நிறுவனமே அது. அமெரிக்காவில் ஜோலியட் நகரத்தில் 1901 இல் தொடங்கப்பட்ட கல்லூரி இவ்வகைக்கு முன்னோடி. இந்தியாவில் இம்முறைக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று, 1995 இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அமைத்த சமுதாயக் கல்லூரி.

இத்தகைய படிப்பைத் தொடங்குவோர் முதலில் ஆசிரியரைத் தேடுவதில்லை, தேடவும் கூடாது. இவ்வூரில் இசைக்கு ஊதியம் தருபவர் யாவர் என்பதையே முதலில் கண்டறிய வேண்டும். கொல்கத்தாவில் அவர்கள் பலர். சித்பூரில் ஜாத்ரா நாடகக் குழுக்கள் உள்ளன. டாலிகஞ்சில் திரைப்பட நிலையங்கள் உள்ளன. துர்கா பூசைக் காலத்தில் பந்தல்களுக்கெனவே புதிய இசை அமைக்கப்படுகிறது. அவர்களைக் கேட்டறிந்த பின்னரே பாடத்திட்டத்தை எழுதுதல் தகும்.

இசைக்கெனப் பள்ளி அமைப்பது இந்நகரத்துக்குப் புதிதன்று. 1871 இல் சௌரீந்திர மோகன் தாகூர் இங்கே வங்காள இசைப்பள்ளியை நிறுவினார். அதற்கு முன்னர் இசை பெரும்பாலும் குருவின் இல்லத்தில், செவிவழியாகப் பல்லாண்டுகள் கற்கப்பட்டது. அப்பள்ளியிலோ வகுப்பும் பாடநூலும் இருந்தன. சேத்திரமோகன் கோசுவாமி என்னும் அறிஞர் சுரங்களை எழுதிக் காட்டும் முறையொன்றை உருவாக்கியிருந்தார். குருவின் மடியில் இருந்த கலை, கரும்பலகைக்கு வந்தது. ஆயினும் அதைக் கற்றவர் அதனால் எவ்வாறு வாழ்வது என்னும் வினா அப்போது பெரிதாக எழவில்லை.

அவ்வினாவை எழுப்பியது ஓர் இயந்திரம். 1902 நவம்பர் திங்களில், கிராமபோன் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கொல்கத்தாவுக்கு வந்து, விடுதி அறையொன்றை ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். அங்கே பாடியவர்களுள் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். அக்காலத்தில் மின் ஒலிவாங்கி இல்லை; பெரிய கூம்பு ஒன்றின் வாய்க்கு நேரே நின்று உரக்கப் பாட வேண்டும். இசைத்தட்டு ஏறக்குறைய மூன்று நிமிடங்களே ஓடும். ஒரு மணி நேரம் விரித்துப் பாடும் இராகத்தை அதற்குள் அடக்குவது எளிதா? கௌஹர் ஜான் அடக்கினார். பாட்டின் முடிவில் தம் பெயரையும் ஆங்கிலத்தில் அறிவித்தார். தட்டுகள் ஜெர்மனியில் ஹனோவர் நகரத்தில் அச்சிடப்பட்டதால், அங்கிருந்த பணியாளர் பாடியவரை அறிந்துகொள்ள அது உதவியது. பின்னர் 1908 இல் சியால்தாவிலும், 1928 இல் டம் டம்மிலும் இசைத்தட்டுத் தொழிற்சாலைகள் எழுந்தன. இசை விற்பனைப் பொருளாயிற்று.

குறித்த நேரத்துக்குள் பாடுதல், கருவிக்கேற்பக் குரலை ஆளுதல், தம் பெயரை நிலைநிறுத்துதல் ஆகியவற்றைக் கௌஹர் ஜான் தாமாகவே கற்றார். இன்றைய சான்றிதழ்ப் படிப்பு இவற்றை வகுப்பில் கற்பிக்கிறது. ஒலிவாங்கியைக் கையாளுதல், கணினியில் ஒலியைத் தொகுத்தல், விளம்பரத்துக்கு முப்பது நொடியில் மெட்டமைத்தல் முதலியன அதில் இடம்பெறும். ஆனால் சில திங்களில் ஒருவரை நல்ல பாடகராக்க எந்தக் கல்லூரியாலும் இயலாது. பாடத் தெரிந்தவருக்குத் தொழில் தெரிவிப்பதே அதன் வேலை. "ஆறு மாதத்தில் இசைமேதை" என்று விளம்பரம் கண்டால் ஐயுறுங்கள்.

அப்பாடங்களுள் மிகவும் இன்றியமையாதது எது? பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதே. இவ்வகையில் வங்காளிகளுக்கும் தமிழர்களுக்கும் சுவையான வரலாறுகள் உண்டு. இரவீந்திரநாத தாகூர் 1941 இல் மறைந்தார். அவர் பாடல்களின் உரிமை விசுவபாரதியிடம் இருந்தது. அதன் இசைக்குழுவின் ஒப்புதலுடனேயே அவற்றை இசைத்தட்டாக வெளியிட இயலும். சட்டப்படி 1991 இறுதியில் முடிய வேண்டிய அவ்வுரிமை, சட்டத்திருத்தத்தால் மேலும் பத்தாண்டுகள் நீண்டு, 2001 இறுதியில் முடிந்தது. பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமையோ ஒரு காலத்தில் ஏ.வி. மெய்யப்பரிடம் இருந்தது. மக்கள் குரலெழுப்பினர். 1949 இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமையைப் பெற்றது. பின்னர் அது பொதுவுடைமையாக்கப்பட்டது. கவிஞரின் பாட்டை அரசே மீட்டு மக்களுக்கு அளித்தது அரிய செயல்.

இக்காலப் பாட்டொன்றில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர், ஒலிப்பதிவு நிறுவனம் எனப் பலருக்கு உரிமை உண்டு. முன்பெல்லாம் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கம். பாட்டு எத்தனை ஆண்டு விற்றாலும் அவர்களுக்கு மேலும் ஒரு காசும் வராது. 2012 இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, திரைப்படப் பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமத்தொகையில் தமக்குரிய பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க இயலாது. பாடகருக்கும் வணிகப் பயன்பாட்டில் பங்கு உண்டு. ஆயினும் சட்டத்தை அறியாதவர் அப்பங்கைக் கேட்பதில்லை. ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கும் வகுப்பு, குரல் பயிற்சி வகுப்புக்குச் சற்றும் குறைந்ததன்று என்பது இதனால் விளங்கும்.

உங்களுள் ஒருவர் பாரதியார் பாடலொன்றைத் தம் குரலில் பாடிப் பதிவு செய்து இணையத்தில் வெளியிடுவதாகக் கொள்வோம். வரிகள் பொதுவுடைமை, எவரிடமும் இசைவு வேண்டியதில்லை. ஆனால் அண்மைக்கால இசையமைப்பாளர் ஒருவர் அமைத்த மெட்டில் பாடினால், மெட்டுக்கு அவர் இசைவு வேண்டும். பிறர் வெளியிட்ட பதிவை அப்படியே எடுத்துச் சேர்த்தால், அதை வெளியிட்ட நிறுவனத்தின் இசைவும் வேண்டும். சொந்தமாக மெட்டமைத்துத் தாமே பாடிப் பதிந்தால், மெட்டும் பதிவும் அவருக்கே உரியவை. வரிகள் மட்டும் எப்போதும்போல் எல்லோருக்கும் உரியவை.