இருவர் மிதிக்கும் ஒரு வண்டி

கணவன் துவிச்சக்கர வண்டியை மிதிக்க, மனைவி பின்னாலுள்ள கரியரில் ஒருபக்கமாக அமர்ந்து செல்லும் காட்சியை நம் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் எத்தனையோ முறை கண்டிருக்கின்றோம். அங்கே உழைப்பவர் ஒருவர். சுமையாக அமர்ந்திருப்பவர் மற்றவர். ஆனால், இருவரும் சேர்ந்து மிதிப்பதற்கென்றே அமைந்த வண்டியும் உண்டு. அதனை 'டாண்டம்' என்பர்.

மேனாடுகளில் இவ்வண்டி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பெயர் பெற்றது. 1892இல் ஹாரி டாக்கர் இயற்றிய 'டெய்சி பெல்' என்னும் ஆங்கிலப் பாடலில், திருமணத்துக்குக் குதிரை வண்டி அமர்த்த வசதியற்ற காதலன் இந்த இருவர் வண்டியையே நம்பியிருக்கின்றான். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இதற்குப் போட்டியும் நடைபெற்றது. 1972இல் மியூனிக் நகரில் நடந்ததே அங்கு இறுதிப் போட்டியாயிற்று.

இதன் அமைப்பைச் சற்றே நோக்குவோம். முன்னிருப்பவரின் மிதிகளும் பின்னிருப்பவரின் மிதிகளும் ஒரு சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருக்கும். ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்தவேண்டியதே. சமதரையில் கால்கள் நான்கு. காற்றைக் கிழிப்பதோ ஏறக்குறைய ஓருடல். ஆதலின் வண்டி விரைந்தோடும். மேட்டிலோ இருவர் பாரமும் சேர்ந்து வேகத்தைத் தளர்த்தும். இறக்கத்தில் அதே பாரம் வண்டியை உந்தித் தள்ளுமாதலால், மலைப்பாங்கான இடங்களிற் சிலர் மூன்றாவது தடையொன்றையும் பொருத்திக்கொள்வர்.

திசை திருப்புவதும் தடையை அழுத்துவதும் பெரும்பாலும் முன்னிருப்பவர் கையிலேயே உள்ளன. பின்னிருப்பவருக்கோ முன்னவரின் முதுகன்றி வேறு வழி தெரியாது. ஆகவே, "பள்ளம் வருகின்றது", "நிறுத்தப் போகின்றேன்" என்று முன்னரே சொல்லுதல் முன்னவரின் கடமை. சொல்லாது விட்டால் குலுக்கல் பின்னவருக்கே. பார்வையற்றோர் பராலிம்பிக் போட்டிகளில் இவ்வாறே, பார்வையுள்ள ஒருவரை முன்னிருத்தி, அவர் சொல்லை நம்பிப் பின்னிருந்து மிதிக்கின்றனர்.

இல்வாழ்க்கையும் இத்தகையதன்றோ? மேடு வரும்போது "நீ மிதிக்கவில்லை" என்று குறைகூறத் தோன்றும். மற்றவர் கால்களில் எவ்வளவு வலியென்பதை முன்னவர் திரும்பிப் பார்த்து அறிய முடியாது, கேட்டே அறியவேண்டும். வழியைக் காண்பவர் அதனை வாய்விட்டுச் சொல்லவேண்டும். காணாதவர் அச்சொல்லை நம்பி மிதிக்கவேண்டும். முன்னிருக்கை ஆணுக்கே உரியதென்ற விதியும் இல்லை. வண்டியை நன்கு ஆளத் தெரிந்தவர் எவரோ, அவரே அங்கு அமரலாம்.