போலி ஆவணத்தில் வங்கிக் கணக்கு: புகாரை எங்கே தொடங்குவது?

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய உட்காரும்போது சிலருக்கு இந்த அதிர்ச்சி வந்து சேர்கிறது. வரித் துறை இணையதளத்தில் ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால், வாசலைக்கூட மிதித்திராத ஒரு வங்கி, சேமிப்புக் கணக்கு வட்டி என்று நம் பான் எண்ணில் சில நூறு ரூபாயைக் காட்டியிருக்கும். தொகை சிறியதுதானே என்று பக்கத்தை மூடிவிடுவதுதான் இதில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு.

ஏனென்றால், இப்படிப்பட்ட கணக்குகள் பெரும்பாலும் சேமிப்பதற்காகத் தொடங்கப்படுவதில்லை. சைபர் மோசடியில் யாரிடமோ பறித்த பணத்தை இறக்கி, உடனே வேறு கணக்குக்கு மாற்றுவதற்கான வழித்தடம் அவை. வங்கி வட்டாரத்தில் 'மியூல் அக்கவுண்ட்' என்பார்கள். பறிகொடுத்தவர் புகார் செய்தால், போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவரைத்தான். அந்த நாளுக்கு முன்பே நீங்கள் எழுத்தில் புகார் கொடுத்திருந்தீர்களா என்பது விசாரணையின் போக்கையே மாற்றிவிடும்.

கணக்குத் தொடங்க என்ன கேட்பார்கள் என்பது தெரிந்ததே. ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. (வாடிக்கையாளரை அறிதல்) நெறிமுறைப்படி ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலைத் திட்ட அட்டை போன்றவற்றில் ஒன்று. கூடவே பான் எண் அல்லது படிவம் 60. முழு ஆவணத்தையும் போலியாக அச்சடிக்க வேண்டியதில்லை. கடையிலோ ஏஜென்டிடமோ நாம் விட்டுவந்த ஜெராக்ஸில் புகைப்படத்தையும் கைப்பேசி எண்ணையும் மாற்றினால், கவனக் குறைவான ஒரு கிளையில் வேலை முடிந்துவிடும். ஜெராக்ஸின் குறுக்கே தேதியையும் காரணத்தையும் எழுதிக் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

முதல் புகார் வங்கிக்குத்தான் போக வேண்டும், அதுவும் எழுத்தில். 'இந்தக் கணக்கை நான் தொடங்கவில்லை, யாரையும் தொடங்கச் சொல்லவும் இல்லை' என்று கிளை மேலாளருக்கு எழுதி, ஏ.ஐ.எஸ். பக்கத்தை இணையுங்கள். வங்கியின் தலைமைக் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். மறுத்தால் ஸ்பீட் போஸ்டும் மின்னஞ்சலும் இருக்கின்றன. கவுன்ட்டரில் வாய்மொழியாகச் சொன்னதை நாளை நிரூபிக்க முடியாது.

கடிதத்தில் என்ன கேட்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'உடனே மூடுங்கள்' என்று எழுதத் தோன்றும். முதலில் கேட்க வேண்டியது, பணம் வெளியே போகாதபடி கணக்கை முடக்குவது. அடுத்து, விண்ணப்பம், புகைப்படம், கையெழுத்து, வீடியோ கே.ஒய்.சி. பதிவு, கிளையின் சிசிடிவி காட்சி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது. அடையாள ஆவணங்களைக் கணக்கு முடிந்த பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது பணமோசடித் தடுப்புச் சட்டம். சிசிடிவி பதிவு அவ்வளவு நாள் தங்காது. எனவே தாமதம் திருடனுக்குத்தான் லாபம்.

மோசடி உங்கள் பெயரில் நடக்காமல், உங்களுக்குத் தெரிந்த ஒருவர் செய்திருந்தால்? இறந்துபோன தந்தையின் பெயரில் கணக்குத் தொடங்கிய பங்காளி, பொய் முகவரி கொடுத்த கூட்டாளி என்று இதில் பல வகை உண்டு. யாரும் புகார் செய்யலாம். ஆனால் வங்கி உங்களிடம் கணக்கு விவரத்தைச் சொல்லாது. நடவடிக்கை எடுத்ததா என்றும் சொல்லாமல் இருக்கலாம். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகப் பரிவர்த்தனை பற்றி டெல்லியில் உள்ள நிதி உளவுப் பிரிவுக்கு வங்கி அறிக்கை அனுப்பினால், அதை வெளியே கசிய விடக்கூடாது என்பது விதி. நேரடியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ஊகத்தை ஊகம் என்றே குறிப்பிடுங்கள். சொத்துத் தகராறில் பழிதீர்க்கப் பொய்ப் புகார் கொடுத்தால், இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 217-ன் கீழ் சிறைக்குப் போக வேண்டியிருக்கலாம்.

அடுத்தது காவல் நிலையம். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றம் என்றால் புதிய சட்டம்: ஏமாற்றுதலுக்குப் பிரிவு 318(4), ஆள்மாறாட்டத்துக்கு 319, ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரித்தலுக்கு 336(3), அதை உண்மை என்று பயன்படுத்தியதற்கு 340(2). இவற்றில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் 7 ஆண்டு வரை சிறை. அதற்கு முன் என்றால் பழைய இ.பி.கோ. 419, 420, 468, 471. இணைய வழியில் அடுத்தவர் அடையாளத்தைப் பயன்படுத்தியிருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளும் சேரும். இந்த எண்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நடந்ததைத் தேதிவாரியாக எழுதினால் பிரிவுகளைப் போலீஸ் போட்டுக்கொள்ளும். பணமும் பறிபோயிருந்தால் மட்டும் காத்திருக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

'அந்த பிராஞ்ச் எங்கள் லிமிட்டில் இல்லை' என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை. எல்லை பார்க்காமல் பதிவு செய்யும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' முறை இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173-லேயே இருக்கிறது. மின்னணு வழியிலும் புகார் அனுப்பலாம்; 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். போலீஸ் பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பயனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். நம் ஊரில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதுதான். அது புகாரைப் பெற்றதற்கான அத்தாட்சியே தவிர, வழக்குப் பதிவு ஆகாது.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. வங்கிக்கு எழுதி 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ அங்கே போகலாம்; உதவி எண் 14448. ஆனால் அவர் விசாரிப்பது வங்கியின் சேவைக் குறைபாட்டை. போலி ஆசாமியைப் பிடித்துத் தண்டிப்பது அவர் வேலை இல்லை.

ஊழியரே உடந்தை என்ற சந்தேகம் இருந்தால், அரசு வங்கி என்றால் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். பெயரை ரகசியமாக வைத்திருப்பார்கள்; மொட்டைக் கடிதத்தை மட்டும் ஏற்க மாட்டார்கள்.

சாதாரண வாடிக்கையாளரின் வார்த்தைக்கு மதிப்பில்லை என்று நினைப்பவர்களுக்கு: 2020-ல் பண்ருட்டியில் ஸ்டேட் வங்கியின் போலிக் கிளையே ஒன்று நடந்தது. அது பிடிபட்டதற்குக் காரணம், ஒரு வாடிக்கையாளர் அசல் கிளையின் மேலாளரிடம் போய் விசாரித்ததுதான்.

இதற்கிடையே உங்கள் கடன் அறிக்கையையும் பாருங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் காட்டும். ஏ.ஐ.எஸ்.ஸில் அந்த வட்டி உங்களுடையது அல்ல என்று மறுப்பும் பதியலாம்.

வழக்குப் பதிவானதும் எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். மறக்காமல் கேட்டு வாங்கி, ஒரு பிரதியை வங்கிக்கும் அனுப்பிவையுங்கள்.