இமயத்தில் ஓய்வு யோகா: ஐப்பசி முகாம்கள்

ஓய்வு யோகா என்பது தலையணை, போர்வை, மரக்கட்டை, நாற்காலி போன்றவற்றால் உடலை முழுவதும் தாங்கவைத்து, ஒரே நிலையில் ஐந்து முதல் இருபது நிமிடம் வரை அசையாமல் இருக்கும் பயிற்சி. ஒன்றரை மணி நேர வகுப்பில் நான்கைந்து ஆசனங்களுக்கு மேல் இடம்பெறாது. தசையை நீட்டுவதும் வலுவேற்றுவதும் இங்கே நோக்கம் இல்லை. உடலைத் தாங்கும் பொறுப்பு எந்தத் தசைக்கும் மிஞ்சக் கூடாது என்பதே இதன் முதல் விதி.

இந்த முறைக்கு வேர் பி.கே.எஸ். ஐயங்காரின் பயிற்சியில் இருக்கிறது. 1918-ல் இன்ஃப்ளூயன்சா பரவிய காலத்தில் கர்நாடகத்தின் பெல்லூரில் பிறந்த அவர், மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று அடுத்தடுத்து நோயில் விழுந்த சிறுவன். மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்று, புனேயில் ஆசிரியரானார். வயதானவர்களும் நோயாளிகளும் அவரிடம் வந்தபோது, ஆசனத்துக்கு உடலை வளைப்பதற்குப் பதிலாகச் செங்கல், கயிறு, நாற்காலி, கெட்டித் தலையணை என்று கைக்குக் கிடைத்ததை வைத்து ஆசனத்தை உடலுக்கு ஏற்றவாறு மாற்றினார். அவரிடம் பயின்ற அமெரிக்க இயன்முறை மருத்துவர் ஜூடித் ஹான்சன் லசேட்டர், அதிலிருந்து ஓய்வுக்கான நிலைகளை மட்டும் தனியே எடுத்து வகுப்பாக்கினார். 1995-ல் வந்த அவருடைய நூலுக்குப் பிறகே இந்த முறை உலகெங்கும் பரவியது.

சும்மா படுத்துக்கிடப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நரம்பு மண்டலத்தில் தெரியும். ஆபத்து வந்தால் ஓடவும் எதிர்க்கவும் உடலைத் தயார்ப்படுத்துவது பரிவு நரம்பு மண்டலம். செரிமானம், உறக்கம், உடலைப் பழுதுபார்த்தல் ஆகியவற்றைக் கவனிப்பது எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம். கவலையும் வேலை நெருக்கடியும் ஓயாதவர்களுக்கு முதலாவது அடங்குவதே இல்லை. படுத்தாலும் தாடையும் தோளும் இறுகியே இருக்கும். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. ‘விபரீத கரணி’யில் இடுப்புக்கு அடியில் மடித்த போர்வையை வைத்து, கால்களைச் சுவரில் உயர்த்திச் சாய்க்கிறார்கள். கால்களில் தேங்கிய இரத்தம் நெஞ்சை நோக்கித் திரும்புகிறது; கழுத்திலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் அதை அறிந்து துடிப்பைக் குறைக்கச் செய்கின்றன. ‘சுப்த பத்த கோணாசன’த்தில் முதுகெலும்பின் நீளத்துக்கு உருளைத் தலையணை கிடக்கும், பாதங்கள் ஒன்றோடொன்று சேர, இரு தொடைகளுக்கு அடியிலும் போர்வைச் சுருள் இருக்கும். அந்தச் சுருள் இல்லாவிட்டால் தொடையின் உட்தசை தன் எடையைத் தானே பிடித்துக்கொண்டிருக்கும். பதினைந்து நிமிடமும் வீண். நல்ல ஆசிரியரை அடையாளம் காண இது போதும்: போர்வையை அரை அங்குலம் நகர்த்துவதில் அவர் பொறுமை காட்டுவார்.

யோகா முகாம்களுக்கு இமயத்தின் உத்தராகண்ட் மலைகள் பெயர்பெற்றவை. ரிஷிகேஷின் பெருமையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. கோரைப் பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887-ல் பிறந்த சுவாமி சிவானந்தர், மலாயாவில் மருத்துவராக இருந்துவிட்டு ரிஷிகேஷ் சென்று துறவியானார். 1936-ல் டிவைன் லைஃப் சொசைட்டியை அங்கே தொடங்கினார். படுத்தபடியே செய்யும் யோக நித்திரையை இன்றைய வடிவில் பரப்பிய சத்யானந்த சரஸ்வதி அவருடைய சீடர்.

ஆனால் ரிஷிகேஷ் மலையடிவார நகரம். கூட்டமும் வாகன இரைச்சலும் அதிகம். ஓய்வை மட்டுமே நாடுகிறவர்களுக்கு இன்னும் மேலே, குமாவோன் பகுதியின் அல்மோரா, கௌசானி போன்ற ஊர்களே பொருந்தும். கௌசானி சுமார் 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காந்தி 1929-ல் அங்கே தங்கினார். அந்த இடம் இன்று அனாசக்தி ஆசிரமம். அங்கிருந்து பார்த்தால் 7,816 மீட்டர் உயர நந்தா தேவியும் 7,120 மீட்டர் உயரத் திரிசூல் சிகரமும் தெரியும். காத்கோதாம் ரயில் நிலையத்திலிருந்து மலைப்பாதையில் ஐந்தாறு மணி நேரப் பயணம்.

அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் பாதி வரை, அதாவது ஏறத்தாழ ஐப்பசி மாதம், இதற்கு மிகச் சிறந்த பருவம். தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் இறுதியில் விலகிவிடும்; மழைக்காலத்தில் சாலைகளை மூடும் மண்சரிவும் ஓயும். மழை தூசியைக் கழுவிவிட்டுப் போவதால் காற்று தெளிந்து சிகரங்கள் பளிச்சென்று தெரியும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் அதே வாரங்களில் அங்கே வெயில் இதமாக அடிக்கிறது. மாலையில் சீக்கிரமே இருட்டி, நவம்பர் இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஒளி குறைவதும் குளிர்வதும் உறக்கத்துக்கு உதவுகின்றன. ஆனால் பயிற்சியின்போது குளிர்ந்தால் தசை இறுகும். கால்களுக்குக் காலுறை, மேலே ஒரு போர்வை கட்டாயம் வேண்டும்.

காலையில் மெதுவான அசைவுகளும் மூச்சுப் பயிற்சியும், மாலையில் நீண்ட ஓய்வு ஆசனங்களும், இரவில் யோக நித்திரையும் வைப்பது பொதுவான நடைமுறை. நடுப்பகல் முழுவதும் காலியாக விடப்பட வேண்டும். உணவில் குமாவோன் வீடுகளின் மண்டுவா ரொட்டியும் கஹத் பருப்பும் கிடைத்தால் மிக நல்லது. மண்டுவா நம் கேழ்வரகு. கஹத் நம் கொள்ளு. குளிர்காலத்தில் உடம்புக்குச் சூடு தரும் என்று அங்குள்ளவர்களும் கொள்ளை விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலை தாழும் நிலைகளைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் மல்லாந்து படுக்கக் கூடாது. இடப்பக்கம் ஒருக்களித்தே படுக்க வேண்டும். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. எந்த மருந்தையும் முகாமை நம்பி நிறுத்தக் கூடாது. முதல் நாள் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். நிறையத் தண்ணீர் குடித்து மெல்ல நடந்தால் ஓரிரு நாளில் பழகிவிடும்.

பயணக் களைப்பு தீரவே இரண்டு நாள் பிடிக்கும் என்பதால், தென்னிந்தியாவிலிருந்து செல்கிறவர்கள் வார இறுதி முகாம்களை விட்டுவிட்டு ஒரு வாரமாவது ஒதுக்க வேண்டும். விடியலில் மலையேற்றம், பகலில் சுற்றுலா, மாலையில் கலை நிகழ்ச்சி என்று அட்டவணை நிரம்பிய முகாம், விளம்பரத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும், ஓய்வு முகாம் ஆகாது. பணம் கட்டும் முன் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.