பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பழைய அம்பாசிடரையோ மாருதி 800-ஐயோ பட்டறையில் கொண்டுவந்து விடுகிறவர் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் சொல்கிறார்: "ஸ்டீயரிங் லூசா இருக்கு, கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்கண்ணே." காரைக்குடிப் பட்டறையானாலும் மதுரைப் பட்டறையானாலும் இதில் மாற்றமில்லை. இந்த வாக்கியத்தில் நோயும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. காரணம் மட்டும் இல்லை. ஆட்டம் கையில் தெரிவதால், கை பிடித்திருக்கும் பொருளில்தான் அது பிறந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் நேர்ச்சாலையில் வண்டி அலைவதற்கான காரணம் பெரும்பாலும் ஸ்டீயரிங் பெட்டிக்கும் ரேக்குக்கும் வெளியே, தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. டயர், ரப்பர் புஷ், டை ராட் எண்ட், பேரிங் என்று விலை குறைந்த, கண்ணில் படாத சாமான்களில் இருக்கிறது. ஆகவே தேடலைத் தரையில் தொடங்கி மேலே வரவேண்டும். பெட்டியில் கைவைப்பது எல்லாம் பார்த்த பிறகு. இந்த வரிசை தலைகீழாகிற இடத்தில்தான் காசும் போகிறது, வண்டியும் போனபடியே திரும்பி வருகிறது.

செட்டிநாட்டுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என எந்த ஊரை எடுத்தாலும், ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் பெரிய வீடும் அதன் கொட்டகையில் துணி போர்த்திய காரும் புதுக் காட்சியல்ல. குடும்பம் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கும். கல்யாணம், படைப்பு, திருவிழா என்று ஊருக்கு வரும்போது பேட்டரியை மாற்றி வண்டியை வெளியே எடுப்பார்கள். இப்படிப்பட்ட வண்டி விலைக்கு வந்தால், "ஓட்டமே இல்லாத வண்டி, புதுசு மாதிரி" என்பதுதான் முதல் விளம்பரம். ஸ்டீயரிங்கைப் பொறுத்தவரை கிலோமீட்டர் மீட்டர் சொல்வது பாதிக் கதைதான். ரப்பருக்கு ஓடாமலேயே வயதாகும். வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் அதை நின்ற இடத்திலேயே வெடிக்க வைக்கும். சிவகங்கைச் சீமையின் கோடையைத் தாங்கிய புஷ் பத்து ஆண்டில் மெத்தென்ற தன்மையை இழந்து கல்லாகிவிடும். கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து, மிச்சம் கட்டியாகும். பால் ஜாயிண்டின் ரப்பர் மூடி வெடித்துவிட்டால், வண்டி வெளியே போகிற அந்தச் சில நாட்களிலேயே செம்மண் தூசி உள்ளே புகுந்து உப்புத்தாள் வேலையைச் செய்யத் தொடங்கும். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் அதே ஆண்டு மே மாதம் நின்றது. கடைசி நாளில் வெளிவந்த வண்டியிலும் தொழிற்சாலை ரப்பர் அப்படியே இருந்தால், அது தன் காலத்தை முடித்துக்கொண்ட ரப்பர். மீட்டர் எவ்வளவு காட்டினாலும் சரி.

பட்டறைக்குப் போகும் முன் வண்டிக்காரர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வண்டி இழுக்கிறதா, நடுங்குகிறதா, அலைகிறதா? எப்போதும் ஒரே பக்கம் போவது இழுப்பு. ஒரு டயரில் காற்றுக் குறைவு, அலைன்மெண்ட் கோளாறு, ஒரு பக்கம் பிடித்துக்கொண்ட பிரேக் ஆகியவை அதற்குக் காரணமாகலாம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருவது நடுக்கம். வீல் பேலன்சிங் இல்லாததும், நெடுநாள் நின்று ஒரு பக்கம் தட்டையான டயரும் அதைத் தரும். அலைச்சல் வேறு மாதிரி. மேலூரிலிருந்து காரைக்குடிக்கு வரும் நான்குவழிச் சாலையில், வளைவே இல்லாத இடத்தில்கூட, இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே வரவேண்டியிருந்தால் அது அலைச்சல். ஆடிக்காற்று தள்ளுகிறது என்று சமாதானம் சொல்லலாம். காற்று எல்லா வண்டியையும்தான் தள்ளும். நல்ல வண்டி ஒரே திருத்தத்தில் நேராகிவிடும். காற்றே இல்லாத விடிகாலையிலும் வண்டி அலைந்தால் ஆடி மாதத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த அலைச்சல் பெரிய உடைசலிலிருந்து வர வேண்டியதில்லை என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். அம்பாசிடரிலும் மாருதி 800-லும் இருப்பது ரேக்-பினியன் அமைப்பு. ஸ்டீயரிங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ரேக் 45 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் தளர்ச்சி, ஸ்டீயரிங்கில் 8 டிகிரி. 40 செ.மீ. விட்டமுள்ள வளையத்தின் ஓரத்தில் அது ஏறத்தாழ 28 மில்லிமீட்டர், அதாவது இரண்டு விரல் அகலம். அந்த ஒரு மில்லிமீட்டர் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. டை ராட் எண்டில் கொஞ்சம், ரேக்கைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளாம்ப்பில் கொஞ்சம், ஸ்டீயரிங் தண்டின் இணைப்பில் கொஞ்சம் எனச் சேர்ந்தாலும் கைக்கு அதே இரண்டு விரல்தான். 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறது. அந்த இரண்டு விரலைத் தாண்டி ஓட்டுநரின் கை சக்கரத்தை எட்டுவதற்குள் வண்டி கணிசமான தூரம் தன் விருப்பத்துக்குப் போயிருக்கும். அலைச்சலுக்கு ஒற்றைக் குற்றவாளியைத் தேடுபவர்கள் ஏமாறுவதும் இதனால்தான்.

தரையில் தொடங்குவோம் என்றால் டயரில் தொடங்குவோம் என்று பொருள். ஸ்பேனரே எடுக்காமல் தீர்கிற அலைச்சல்கள் இங்கே இருக்கின்றன. நான்கிலும் காற்று அளவைப் பாருங்கள்; பின் டயரில் காற்றுக் குறைந்தாலும் வண்டி முன்னால் அலைவது போலவே கைக்குத் தோன்றும். பக்கச் சுவரில் பதித்திருக்கும் நான்கு இலக்க எண் டயரின் பிறந்த வாரமும் ஆண்டும்: 3214 என்றால் 2014-இன் 32-ஆம் வாரம். டயரின் ட்ரெட் அத்தனையும் புதிதாக இருந்து, பக்கச் சுவரில் முடி போல வெடிப்பு ஓடியிருந்தால், அந்த டயரை நெடுஞ்சாலைக்கு எடுக்கக் கூடாது. பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி வைத்திருப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து கிராஸ்-பிளை டயர் சாலையின் பள்ளக்கோடுகளைப் பின்தொடர்ந்து போகும் குணமுடையது. அதோடு ரேடியல் டயரைக் கலந்து போட்டால், அதிலும் முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்-பிளையும் போட்டால், திருப்பத்தில் வால் வீசும். கிடைத்த இரண்டு டயரைக் கிடைத்த இடத்தில் மாட்டிய வண்டிக்கு மூட்டு மாற்றி ஒரு பலனும் இல்லை.

டயர் நன்றாக இருந்தால் அடுத்தது கைச்சோதனை. எந்திரம் எதுவும் வேண்டாம், இரண்டு பேர் வேண்டும். வண்டி தன் நான்கு காலிலும் நிற்க வேண்டும். ஜாக் போடக் கூடாது, எஞ்சின் ஓடக் கூடாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் நான்கு விரல், அந்தப் பக்கம் நான்கு விரல் என்று மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் பள்ளத்தில் இறங்கியோ முன்பக்கமாகக் குனிந்தோ ஒவ்வொரு மூட்டின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல மூட்டில் இரண்டு பக்கமும் ஒன்றாக நகரும். தேய்ந்த மூட்டில் ஒரு பக்கம் முதலில் நகர்ந்து, "டக்" என்ற சின்னத் தட்டலுக்குப் பிறகே மறுபக்கம் நகரும். காதுக்குக் கேட்காத அந்தத் தட்டல் உள்ளங்கைக்குத் தெரியும். ரேக்கின் இரு முனையிலும் உள்ள மடிப்பு ரப்பர் உறையை அமுக்கிப் பிடித்தால் உள்ளே மறைந்திருக்கும் பால் ஜாயிண்டின் தேய்மானமும் தெரியும். ரேக் முழுவதுமே கிளாம்ப்பில் நழுவுகிறதா, மேலே ஸ்டீயரிங் தண்டின் இணைப்பு சுழலாமல் வெறுமனே அசைகிறதா என்பதும் இதே சோதனையில் பிடிபடும். கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் சொல்லப்படும் எந்த எஸ்டிமேட்டும் ஊகம்தான்.

பிறகுதான் ஜாக். தூக்கிய சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் அசைகிறதா? ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பாருங்கள். அசைவு நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட். அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழிவந்த வண்டி. அதில் முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டு ட்ரூனியன் என்னும் துண்டுக்குள் மரையோடு உட்கார்ந்திருக்கும். முறையாக கிரீஸ் ஏற்றாவிட்டால் அந்த மரைதான் முதலில் தேயும். மாருதி 800-க்கு வேறொரு பலவீனம் உண்டு. அதில் குறுக்கே போகும் ஸ்டெபிலைசர் பார்தான் கீழ்க்கை முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைக்கிறது. அதன் புஷ் செத்துவிட்டால், பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரம் பின்னே நகர்ந்து வண்டி திசை மாறும். டை ராட் எண்ட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இது நிற்காது. பின்பக்கத்தை யாரும் பார்ப்பதே இல்லை. அம்பாசிடரின் பின் ஆக்ஸில் பட்டை ஸ்பிரிங்கில் யூ போல்ட் கொண்டு கட்டப்பட்டிருக்கிறது. அந்த போல்ட்டோ ஷேக்கிள் புஷ்ஷோ தளர்ந்தால் ஆக்ஸில் கொஞ்சம் கோணலாகத் திரும்பும். வண்டியின் திசையைப் பின்சக்கரங்களே திருப்பத் தொடங்கும்.

"இத்தனை எதற்கு? பெட்டியில் ஒரு அட்ஜஸ்டிங் ஸ்குரூ இருக்கிறது, இரண்டு சுற்று முடுக்கினால் ஆட்டம் போய்விடுமே" என்பார்கள். போகும், அதுதான் அபாயம். எந்த வண்டியும் வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது. ஆகவே பெட்டியின் பற்கள் நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் தேய்ந்திருக்கும். நடுவில் ஆட்டம் இல்லாதபடி முடுக்கினால், திருப்பும்போது ஓரத்தில் இறுகும். திருப்பத்தைத் தாண்டியதும் தானாக நேராக வேண்டிய ஸ்டீயரிங் வராமல் நின்றுவிடும். ஓட்டுநர் கையால் இழுத்து நேராக்க வேண்டியிருக்கும், கொஞ்சம் கூடுதலாக இழுப்பார், மறுபடி திருத்துவார். தளர்ச்சியால் வந்த அலைச்சல் போய் இறுக்கத்தால் வரும் அலைச்சல் பிறக்கும். மற்ற எல்லாம் சரி என்று தெரிந்த பின், சக்கரங்களைத் தூக்கிவைத்து, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தங்குதடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டே, கால் சுற்றுக்கும் குறைவாக முடுக்குவதுதான் அந்த ஸ்குரூவுக்கு உரிய மரியாதை.

கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் செய்துவிட்டோம், இன்னும் அலைகிறது என்பது அடுத்த புகார். எந்திரத்தின் மேல் தவறில்லை. அது நிற்கும் வண்டியைத்தான் அளக்கிறது. தளர்ந்த மூட்டோடு நிற்கும் சக்கரம் அந்த நேரத்தில் எந்தக் கோணத்தில் ஓய்ந்திருந்ததோ அதுவே கணக்காகப் பதிவாகும். முதல் வேகத்தடையைத் தாண்டியதும் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். அலைன்மெண்ட் வீண் என்று நான் சொல்லவில்லை. டை ராட் எண்டை மாற்றினால் நீளம் மாறும். அதன்பின் அலைன்மெண்ட் கட்டாயம். பழுது பார்த்த வேலைக்கு அது முடிவுரை, முன்னுரை அல்ல.

சரி, தேடுவதற்குக் கூலி கொடுப்பதைவிட எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உற்பத்தி நின்ற வண்டிகளுக்குக் கடையில் கிடைக்கும் சாமான் எல்லாம் ஒரே தரமல்ல. நன்றாக இருக்கும் பழைய மூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுமாரான புதியதை மாட்டுவது லாபமில்லை. புஷ் மாற்றுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: வண்டி தன் எடையோடு தரையில் நிற்கும்போதுதான் அதன் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று தெரியாத வேலையில் இப்படிப்பட்ட தவறுகள் கூட்டமாக வரும்.

"பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்ற சமாதானம்தான் எல்லாவற்றிலும் உறுதியானது. அதற்குச் சட்டத்தையே துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 98-ஆம் விதி, ஸ்டீயரிங்கில் வெற்று அசைவு 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. 40 செ.மீ. வளையத்தில் 30 டிகிரி என்பது பத்து சென்டிமீட்டருக்கும் மேல். லாரி, பஸ், ஜீப் எல்லாவற்றுக்குமாக வகுத்த எல்லை அது. பதினைந்து ஆண்டு முடிந்த சொந்தக் காருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் சோதனையில் தேறிவிட்டது என்பதாலேயே ஸ்டீயரிங் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. அதே விதியின் மறுபாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை: பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். வெடித்த மூடியோடும், ஸ்பிளிட் பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பியோடும் ஓடும் வண்டி எத்தனை டிகிரி ஆடினாலும் ஆடாவிட்டாலும் அந்த விதியை மீறிய வண்டி. நன்கு பராமரித்த அம்பாசிடர் அறுபது, எழுபது கி.மீ. வேகத்தில் இரண்டு விரல் பிடியில் நேராகப் போகும்; அப்படிப் போகும்படி வடிவமைத்த வண்டிதான் அது.

ஆகவே அடுத்த முறை பட்டறையில் "டைட் பண்ணிக் குடுங்க" என்று சொல்லாதீர்கள். "எங்கே ஆடுதுன்னு காட்டுங்க" என்று கேளுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பாருங்கள். புதிதாகப் போட்ட இடத்தில் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். டயரும் புஷ்ஷும் ஒரு வாரம் பொறுக்கும், மெதுவாக ஓட்டலாம். ஜாக் சோதனையில் ட்ரூனியனோ பால் ஜாயிண்டோ ஆடுவது தெரிந்தால் மட்டும் பொறுக்காது. அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். அந்த வண்டியைப் பட்டறைக்குக்கூட ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.