கல்லச்சு: வெட்டாமல் பதியும் கைத்தடம்

கல்வெட்டு என்னும் சொல்லை நாம் நன்கறிவோம். உளி கல்லைக் குடைந்து எழுத்தை நிறுத்துகிறது. கல்லச்சு அவ்வாறன்று. இங்குக் கல் வெட்டப்படுவதே இல்லை. அதன் முகம் இறுதிவரை சமதளமாகவே இருக்கும். எண்ணெயும் நீரும் கலவா என்னும் எளிய இயல்பே இக்கலையின் அடிப்படையாகும்.

தம் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடிய அலோய்ஸ் செனஃபெல்டர், 1790களின் இறுதியில் ஜெர்மனியின் பவேரியாவில் இம்முறையைக் கண்டறிந்தார். தேய்த்துச் சமன்செய்த சுண்ணாம்புக்கல்லின்மீது கொழுப்புக் கலந்த மைக்கோலால் வரைவர். பின்னர் வேலம்பிசினும் சிறிதளவு அமிலமும் கலந்த கரைசலைப் பூசி, கல்லை நீரால் நனைப்பர். வரையாத இடம் நீரை ஏற்கும். வரைந்த இடம் விலக்கும். எண்ணெய் மையை உருளையால் ஏற்றும்போது, அது வரைந்த இடத்தில் மட்டுமே ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால், படம் இடவலம் மாறிப் பதியும்.

இக்கலை நமக்கு அயலானதன்று. மலாக்காவில் பிறந்து தமிழும் கற்ற முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறாகிய ‘ஹிகாயாட் அப்துல்லா’, 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சாகவே வெளிவந்தது. ஒன்றோடொன்று இணைந்தோடும் ஜாவி எழுத்தைக் கையால் எழுதியவாறே தாளில் ஏற்றக் கல் இடந்தந்தது.

நவீன ஓவியர்கள் கல்லச்சை விரும்பியதும் இதனாலேயே. 1945–46இல் பிக்காசோ ஒரு காளையின் உருவத்தைக் கல்லில் படிப்படியாக மாற்றி, 11 நிலைகளில் அச்சிட்டார். இறுதியில் சில கோடுகளே எஞ்சின. இத்தகைய அச்சு வேறோர் ஓவியத்தின் நகலன்று. கல்லில் வரைந்ததே மூலம். ஆகவேதான் ஓவியர் ஒவ்வொரு தாளிலும் எண்ணிட்டுக் கையொப்பமிடுகிறார். 5/30 எனில், 30 தாள்களுள் ஐந்தாவது.

1894இல் இரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் தெய்வப் படங்கள் அவர்தம் ஓவியங்களின் நகல்களே. எனினும், அவற்றை வண்ணத்திற்கொரு கல்லாகப் பிரித்து வரைந்தவை கைவினைஞரின் கைகள். எளியோர் இல்லங்களுக்கும் ஓவியத்தைக் கொண்டு சேர்த்தவை அவை.

பெம்பான் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வீடு மாறுவோர், பழைய சாமிப் படங்களை ஆற்றில் விடுமுன் உருப்பெருக்கியால் ஒருமுறை நோக்குதல் நன்று. ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால், அது பிற்கால இயந்திர அச்சாகலாம். ஒழுங்கற்ற புள்ளிகளும் மைக்கோல் தடமும் தெரிந்தால், அது கல்லச்சாகலாம். பெயரறியாத ஒருவர் கல்லில் வரைந்த கைத்தடம் அது. அதனை நாம் பேணிக் காப்போமாக.